இறங்கின மண்

எங்கள் அத்தைக்கு மண் அள்ளுகிற புத்தி. அம்மா இதைச் சொன்னால் திட்டு மாதிரி இருக்கும். அப்பா சொன்னால் சலிப்பு மாதிரி இருக்கும். நான் எப்படிச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அத்தை போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. என்றாவது ஒரு நாள் அழுகை வரும் என்று இருந்தேன். வரவில்லை. வராததை என்ன செய்வது, விட்டுவிட்டேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. ஆனேக்கல் பக்கம் கட்டிக்கொடுத்து, கொஞ்ச வருஷத்திலேயே ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டவள். ஏன் வந்தாய் என்று கேட்ட எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "ஹோக்லி பிடு." கன்னடத்தில் போகட்டும் விடு என்று அர்த்தம். புருஷன் வீட்டுச் சீதனம் அந்தப் பெட்டியும் இந்த வார்த்தையும்தான் என்று அம்மா கிண்டல் செய்வாள். ஆடு காணாமல் போனாலும் ஹோக்லி பிடு, குழாயடியில் எவளாவது வாய்க்கு வந்தபடி பேசினாலும் ஹோக்லி பிடு. கம்மலைக் கழற்றி அவசரத்துக்கு வாங்கிப் போன சொந்தக்காரி திருப்பித் தராமலே ஊரை விட்டுப் போனபோதும் அதையேதான் சொன்னாள். மண் விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வராது.

எங்கள் ஊர் ஓசூருக்குத் தெற்கே இருக்கிறது. ஊருக்குப் பின்னால் இருப்பதை மலை என்றுதான் சொல்வோம், ஆனால் அதற்கு உச்சி கிடையாது. மேலே தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கும். பாறை, பாறைமேல் கொஞ்சம் புல், அவ்வளவுதான். அங்கிருந்து கொல்லைகள், அதாவது மழையை நம்பி விதைக்கிற நிலங்கள், படிப்படியாக இறங்கி வரும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் கல்லடுக்கிக் கட்டியிருப்பார்கள், கல்கட்டு என்போம். தாத்தா சாகும்போது மேல்கொல்லையை அத்தைக்கும் கீழ்க்கொல்லையை அப்பாவுக்கும் பிரித்துக் கொடுத்தார். மகளுக்கும் கொடுத்தாரே என்று ஊரில் பெருமையாகப் பேசினார்களாம். எதைக் கொடுத்தார் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

மேல்கொல்லையில் மண் முழங்கை ஆழம் இருந்தால் அதிசயம். பாதி சரளைக் கல். காலையில் பெய்த மழை மத்தியானம் எங்கே போனது என்று தெரியாது, பாறைமேல் ஓடிச் சரிவில் இறங்கிவிட்டிருக்கும். கீழ்க்கொல்லை அப்படி இல்லை. செம்மண், ஆள் உயரத்துக்குத் தோண்டினாலும் செம்மண்தான். ஈரத்தோடு ஒரு பிடி அள்ளி அமுக்கினால் உருண்டையாக நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். அதில் ராகி வந்தால் கதிர் தலை நிமிராது, அவ்வளவு கனம். இன்னும் கீழே ஏரியோரம் கறுப்பு மண், காலைப் பிடித்தால் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். அது எங்களுடையது இல்லை.

திரும்பி வந்தவளை அப்பா வீட்டோடு இருக்கச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அத்தை கேட்கவில்லை. மேல்கொல்லை ஓரத்தில் சிமெண்டு ஓடு போட்ட ஒரு அறையைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவள் அப்பாவிடம் சொன்னதை அம்மா அப்படியே சொல்லிக்காட்டுவாள். "கொல்லை வெளயற வரைக்கும் என் அடுப்புல ஆக்கித் துன்னுக்கறேன் தம்பி. வெளயாத வருஷம் உன் வூட்டுக்கு வரேன்."

ஆனேக்கலில் அவள் சாப்பிட்ட சோற்றை யாரோ பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். அவளிடம் கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

ஆக, அந்த முழங்கை மண் இருக்கிற வரைக்கும்தான் அத்தைக்கு அவள் அடுப்பு. அது ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கல்கட்டின் இடுக்கு வழியாக இறங்கும்போது நல்ல மண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து அப்பாவின் கொல்லையில் விட்டுவிட்டுப் போகும். வடிந்த பிறகு பார்த்தால் வரப்போரம் சலித்த மாவு மாதிரி ஒரு படலம். கல்லெல்லாம் மேலேயே நிற்கும். "மழைக்குப் பொறுக்கத் தெரியும் கண்ணு" என்பாள் அத்தை. "நல்லதா பார்த்து எடுத்துக்கும். கல்ல எனக்கு வுட்டுட்டுப் போவும்."

மழை விட்டதும் அவள் இரும்புச் சட்டியோடு இறங்கி வந்துவிடுவாள். அந்தப் படலத்தைக் கையாலேயே வழித்து, சட்டியில் நிரப்பி, சும்மாடு வைத்துத் தூக்கி, கல்கட்டுப் படியேறி மேலே கொண்டுபோய்க் கொட்டுவாள். மறுபடி வருவாள். ஊரில் இதற்கு ஒரு பேச்சு உண்டு. தாத்தா காலத்துக்கும் முந்தியது. மேலிருந்து இறங்கின மண், கீழே இருக்கிறவன் ஏர் விழுகிற வரைக்கும் மேலே இருக்கிறவனுக்குச் சொந்தம். ஏர் விழுந்தால் கீழே இருக்கிறவனுக்கு. சரிவில் இருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் நிஜமாகவே சட்டியோடு வந்து அள்ளிப் போனது எங்கள் அத்தை ஒருத்திதான். மற்றவர்கள் போனதைப் போனதென்று விட்டு, மழை வந்ததே பெரிசு என்று இருந்தார்கள்.

அப்பா அவளுக்காக உழவைத் தள்ளிப்போடுவார். ஈரம் காய்கிறதே என்று அம்மா கத்துவாள். ஒரு வருஷம் இதே சண்டையில் இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள், நான் நடுவில் இருந்துகொண்டு அம்மா சொன்னதை அப்பாவுக்கும் அப்பா சொன்னதை அம்மாவுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு அப்போது அத்தைமேல்தான் கோபம். ஒரு சட்டி மண்ணுக்கு ஒரு வீட்டையே ஆட்டி வைக்கிறாளே என்று.

மாடு போய் டிராக்டர் வந்த பிறகு தள்ளிப்போடுவதும் முடியாமல் போனது. டிரைவர் வருகிற நாளில்தான் உழவு. ஒரு தடவை அத்தை பாதிதான் அள்ளியிருந்தாள், வண்டி வந்துவிட்டது. அப்பா கொஞ்ச நேரம் அவனோடு பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், பீடி கொடுத்துப் பார்த்தார். அவன் கலப்பையை இறக்கிவிட்டான். அத்தை அப்போது நிறைந்த சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கல்கட்டுப் படியில் பாதி ஏறியிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். இறங்கி வந்தாள். சட்டியை அப்பாவின் கொல்லையிலேயே கவிழ்த்தாள்.

அப்பா பதறிப்போய், எடுத்ததை ஏன்கா கொட்டுற, கொண்டுபோ என்றார்.

"ஏர் வுழுந்துடுச்சு. இது உன்னுது" என்று சொல்லிவிட்டு வெறும் சட்டியோடு ஏறிப் போய்விட்டாள். அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக வந்தது பயம் மாதிரி ஒன்று. இவ்வளவு நேராக இருக்கிறவர்களோடு யாரால் குடித்தனம் பண்ண முடியும்.

என்னைப் பெண் பார்க்கக் குந்தாரப்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்தார்கள். அத்தையையும் கூப்பிட்டிருந்தோம். புதுப் புடவை கட்டி ஒழுங்காகத்தான் வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அப்பா அவர்கள் நிலம் எப்படி விளையும் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எரு போடாமலே வருமாம், என்ன போட்டாலும் வருமாம். அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மேலயா, கீழயா? கீழதான் என்றார் அவர். "அப்ப அடுத்தவங்க மண்ணுதானே, நல்லா வெளயும்" என்றாள் அத்தை. அதற்குப் பிறகு பஜ்ஜியை யாரும் தொடவில்லை. அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அம்மா அத்தையோடு ஆறு மாசம் பேசவில்லை. எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை. நான் ஓசூரில் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்திலேயே இரண்டு பெண்களோடு அறை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் வருவேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கீழ்க்கொல்லையில் ஜேசிபி நின்றுகொண்டிருந்தது.

ஹைவே பக்கம் புதிதாக வருகிற கம்பெனிகளுக்குத் தரையை மேடாக்க மண் வேண்டியிருந்தது. செம்மண்தான் வேண்டும், அழுத்தினால் இறுகும் என்றார்கள். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் கொடுத்தார்கள். அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, ராகி போட்டு அறுக்க ஆள் கிடைக்கவில்லை. மண்ணைக் கொடுத்தால் பள்ளமாவது மிஞ்சும், அதில் தண்ணீர் நிற்கும், மீன் விடலாம் என்று அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். தப்பான கணக்கு என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. அவர் நிலம், அவர் மண்.

அத்தை சட்டியோடு வந்து மெஷினுக்கு முன்னால் நின்றுவிட்டாள். போன வாரத்து மழையில் இறங்கின மண்ணை அவள் இன்னும் அள்ளி முடிக்கவில்லை. டிப்பர் டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. அப்பாவைப் பார்த்து மெஷினின் பல்லைக் காட்டினாள்.

"தம்பி, இது ஏரா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே யோசித்தார். ஏர் என்றால் விதைக்கத்தானே. இது விதைக்க வரவில்லை, எடுத்துப்போக வந்தது. கடைசியில், இது ஏர் இல்லக்கா, உன் மண்ணு இன்னும் உன்னுதுதான், எடுத்துக்கோ என்றார். எனக்கு அப்பாவை அந்த நிமிஷம் ரொம்பப் பிடித்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன்.

அவள் குனிந்து வழிக்க ஆரம்பித்தாள். மெஷின் ஓட்டுகிறவர் திருவண்ணாமலைப் பக்கத்து ஆள், நடுவயசு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இன்ஜினை நிறுத்தி இறங்கி வந்தார். "எவ்ளோன்னுதாம்மா சுமப்ப? ஒதுங்கு, நான் போட்டுத் தரேன்" என்றார். இத்தனை வருஷமாக இறங்கினதெல்லாம் எவ்வளவு இருக்கும் என்று அவளிடமே கேட்டார். நெறைய என்றாள்.

ஒரு பக்கெட் மண் மேலே போய்க் கொட்டியது. அத்தை ஒரு மாசம் சுமக்கிற மண் அது. இன்னொரு பக்கெட். இன்னொன்று. மெஷினின் கை கல்கட்டு விளிம்பு வரைக்கும்தான் எட்டியது, அதனால் விளிம்பிலேயே குவித்தார். பரவாயில்லை, பிறகு உள்ளே இழுத்துப் பரப்பிக்கலாம் என்று அப்பாவும் சொன்னார். அத்தை சிரித்தாள். வாயை மூடாமல், பல் எல்லாம் தெரிய. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "போதும் சாமி, போதும்" என்று சொல்லிக்கொண்டே, அவர் நிறுத்தினால் இன்னொன்று என்று கை காட்டினாள். மேலே செம்மண் குன்று மாதிரி நின்றது. அம்மா வந்து பார்த்து, இனிமே நம்ம வூட்டுக்கு வரவே மாட்டா என்று சொல்லிச் சிரித்தாள். அம்மாவுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

பிறகு மெஷின் கீழே தோண்ட ஆரம்பித்தது. ஒரு வாரம் தோண்டினார்கள். கல்கட்டை ஒட்டி ஒரு முழம் விட்டுவிடும்படி அப்பா சொல்லியிருந்தார், விட்டார்கள். ஆனால் அந்த ஒரு முழத்துக்கு அப்புறம் நேர்ச்சுவராக ஆள் உயரத்துக்கும் மேலே பள்ளம். கல்கட்டு அந்தப் பள்ளத்தின் வாயில் நின்றது. அதன் தலையில் அத்தையின் குவியல். நாங்கள் எல்லாரும் தினம் அதைப் பார்த்தோம். சரிவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு மண் மழையில்தான் இறங்கும், கொஞ்சம் கொஞ்சமாக, மாவு மாதிரி. வேறு விதமாக இறங்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அத்தைக்கும்தான்.

அவள் தினம் விடிந்ததும் குவியலை உள்ளே இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தாள். பாதிகூட முடியவில்லை. மழை வந்துவிட்டது, விடாமல் பெய்தது. இளகின மண் தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. அடியில் பாறை, வழுக்குப் பாறை. குவியல் நகர்ந்தபோது கல்கட்டை உடைத்துக்கொண்டு போனது. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல், அதற்குப் பின்னால் இருந்த கொல்லையும் பாய் சுருட்டின மாதிரி பின்னாலேயே போய்விட்டது.

நான் ஷிப்டு முடிந்து கிடைத்த பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். மேல்கொல்லை இருந்த இடத்தில் பாறை. கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அத்தையின் அறை பாறை ஓரத்தில் அப்படியே நின்றது, ஒரு ஓடுகூட உடையவில்லை. கீழே அப்பாவின் பள்ளத்தில் செந்தண்ணீர் நிறைந்து நின்றது, அத்தனை மண்ணும் அதன் அடியில். ஊரார் பேச்சுப்படி அது இன்னும் அத்தையுடையதுதான். அந்தப் பள்ளத்தில் இனி ஏர் விழப்போவதில்லை. ஆனால் தண்ணீருக்குள் கிடப்பதை எப்படி வழிப்பது என்று ஊரில் யாரும் பேசி வைத்திருக்கவில்லை.

பெண்கள் கும்பலாக வந்து நின்றார்கள். ஹோக்லி பிடு என்று அவளே சொல்லிவிடுவாள், அதோடு நாமும் வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அவள் சொல்லவில்லை. அப்பா மட்டும் வாக்கா, வூட்டுக்கு வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"எதுக்கு?" என்று கேட்டாள்.

சாப்பிட என்றார் அப்பா.

"ராகி இன்னும் கொஞ்சம் கீது."

அது தீருகிற வரைக்கும் அவள் அந்த அறையிலேயே ஆக்கித் தின்றாள். அப்பா தினம் போய்க் கூப்பிடுவார், அவள் தினம் இருக்குது தம்பி என்பாள். அம்மா எனக்குப் போன் போட்டு, என்னடி இது, நம்ம வீட்டுல ஒரு வாய் தின்னா குறைஞ்சா போயிடுவா என்று அழுதாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இரக்கப்பட வேண்டும் என்பது தெரிகிறது, இரக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. உள்ளங்கை மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தது.

ராகி தீர்ந்தது என்பது, அத்தை என் அறைக்கு வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது. டவுன் பஸ்ஸில் தனியாக வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். கூட இருந்த பெண்கள் டீ போட்டார்கள், வேண்டாம் என்றாள். அவர்கள் வெளியே போன பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"உங்க கம்பெனியில படிக்காதவங்களுக்கு வேல உண்டா கண்ணு?"

ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட்காரர் வயசைக்கூடக் கேட்கவில்லை, ஆள் பற்றாக்குறை. நீல நிற மேல்சட்டை கொடுத்தார்கள், புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டாள். தெருக்கோடியில் ஒற்றை அறை பார்த்துக்கொடுத்தேன். அடுப்பும் ஒரு பாத்திரமும் வாங்கி வைத்துக்கொண்டு அன்றைக்கே களி கிளறினாள். ஆக, அவள் அடுப்பு அவளுக்கு இருந்தது. அப்பா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, பள்ளத்தில் மீன் விட்டிருப்பதைச் சொல்லி, ஒரு நாள் வந்துட்டுப் போக்கா என்று கெஞ்சினார். லீவு குடுக்க மாட்டாங்க தம்பி என்றாள். லீவு கொடுப்பார்கள். அவள் கேட்டதே இல்லை.

எங்கள் செக்ஷனில் செய்கிற சாமான்கள் நுணுக்கமானவை. தூசி ஆகாது. வாசலிலேயே மண்ணை நிறுத்திவிட வேண்டும், அதுதான் அத்தைக்குக் கொடுத்த வேலை. உட்கார்ந்த வாக்கில் தரையோடு தரையாக நகர்ந்து, ஓரத்திலும் இடுக்கிலும் விரலை விட்டு வழித்து எடுப்பாள். அவள் வந்த பிறகு ஒரு பொட்டு மண்ணைப் பார்க்க முடிவதில்லை என்று சூப்பர்வைசர் என்னிடமே வந்து சொன்னார். உங்க அத்தையா, கையில என்னவோ இருக்குங்க அவங்களுக்கு என்றார். நான் ஆமாம் சார் என்றேன்.

ஒரு நாள் ஷிப்டு மாறுகிற நேரத்தில் நல்ல மழை. ஆளாளுக்கு ஷூவில் செஞ்சேற்றை அப்பிக்கொண்டு வந்து வாசலில் உதறினார்கள். அத்தை தகட்டால் சுரண்டிச் சுரண்டிப் பக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கெட் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டிருந்தது. நல்ல மண், வழவழவென்று, கல்லே இல்லாத மண். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன், இதையெல்லாம் எங்க கொட்டுற அத்தை என்று.

அவள் தலை நிமிர்ந்து, இது ஒரு கேள்வியா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

"குப்பையிலதான். வேற எங்க கொட்டுவாங்க?" என்றாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "ஷூவத் தொடச்சுட்டு உள்ள போ கண்ணு."

நான் துடைத்துவிட்டு உள்ளே போனேன்.